மாணவர்கள் ஆடிய மழைக்காலம்

1911 ஜூலை 10. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கால்பந்துப் போட்டியின் முதல் சுற்று. செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி அணி மூன்று கோல் வாங்கி, ஒன்றுகூடத் திருப்பி அடிக்காமல் வெளியேறியது. அவர்களுக்கு அந்த வருட ஷீல்டு அன்றோடு முடிந்தது. ஜெயித்த அணியின் பெயர் மோகன் பகான். வடக்குக் கல்கத்தாவில் வங்காளி இளைஞர்கள் நடத்திய கிளப் அது. அடுத்த 19 நாட்களில் இன்னும் நான்கு அணிகளை அது வீழ்த்தியது. அந்த நான்கில் மூன்று, பிரிட்டிஷ் ராணுவத்தின் ரெஜிமென்ட் அணிகள். ஜூலை 29, சனிக்கிழமை மாலை, ஷீல்டு முதல்முறையாக ஓர் இந்திய அணியின் கைக்கு வந்தது. அன்று ஆடிய பதினொரு பேரில் பத்துப் பேர் காலில் பூட்ஸ் இல்லை.

இந்தியக் கால்பந்தைப் பற்றி யார் பேசினாலும் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வார்கள். கிளப்பின் வெற்றியாக, தேசத்தின் வெற்றியாகச் சொல்வார்கள். இரண்டும் சரிதான். ஆனால் தாம்பரம், சேலையூர், பள்ளிக்கரணை பக்கம் இருக்கும் நமக்கு இதில் வேறொரு நூலும் பிடிபடுகிறது. அது கல்லூரிகளின் கதை. ஃபைனலில் வெற்றி கோலை அடித்த சென்டர் ஃபார்வர்டு அபிலாஷ் கோஷ், கல்கத்தா ஸ்காட்டிஷ் சர்ச்சஸ் கல்லூரியின் மாணவர். அணியிலேயே பூட்ஸ் போட்டு ஆடிய ஒரே ஆளான ஃபுல் பேக் சுதீர் சாட்டர்ஜி, பவானிப்பூரில் லண்டன் மிஷன் நடத்திய கல்லூரியின் ஆசிரியர். அபிலாஷ் படித்த கல்லூரிக்கு 1830-ல் வித்திட்டவர் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் அலெக்சாண்டர் டஃப். அதே திருச்சபை 1837-ல் ஜான் ஆண்டர்சனை மெட்ராசுக்கு அனுப்பியது. அர்மீனியன் தெருவில் அவர் பொறுப்பேற்று நடத்திய பள்ளிதான் வளர்ந்து மெட்ராஸ் கிறிஸ்டியன் கல்லூரியாகி, சரியாக நூறாவது வருடத்தில் தாம்பரத்துக்குக் குடிவந்தது. நம் ஊர்க் கல்லூரியும் அபிலாஷின் கல்லூரியும் ஒரே வேரில் கிளைத்தவை.

இந்தக் கல்லூரிகளுக்கு ஃபுட்பால் எதற்காகத் தேவைப்பட்டது என்று பார்த்தால்தான் 1911-ன் முழு எடை தெரியும்.

வங்காளிகள் உடல் வலுவற்றவர்கள், ஆண்மை குறைந்தவர்கள் என்று மெக்காலே எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். படித்த இந்தியனின் மூளை கூர்மை, உடம்பு பூஞ்சை என்பது வெள்ளையர் கிளப்புகளில் பழகிப்போன பேச்சு. இங்கிலாந்தின் பள்ளிகளிலிருந்து வந்த ஆசிரியர்களும் பாதிரிகளும் இதற்கு மருந்தாகக் கண்டது விளையாட்டு. ஒழுங்கு, கட்டுப்பாடு, தலைமைக்குக் கீழ்ப்படிதல் எல்லாம் பந்தோடு சேர்ந்து உள்ளே போய்விடும் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். காஷ்மீரில் டிண்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார் 1891-ல் ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கு ஒரு தோல் பந்தைக் கொண்டுவந்தார். பந்து தோலால் ஆனது என்று தெரிந்ததும் பிராமண மாணவர்கள் தொட மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அவர் விடவில்லை. ஆசிரியர்கள் கையில் கம்பைக் கொடுத்துச் சுற்றி நிறுத்தி, உதைத்தே தீரவேண்டும் என்றார். பந்து ஒரு பையனின் முகத்தில் பட்டுவிட, தீட்டுப் பட்டுவிட்டதே என்று அவன் அழ, போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஆடு என்று அனுப்பிவைத்தார். இதைப் பெருமையாக அவரே எழுதியும் வைத்திருக்கிறார். எனக்கு அந்தக் கம்புகள் உறுத்துகின்றன. ஆனாலும் தோலைத் தொட்டால் தீட்டு என்ற கட்டு, ஒரு மைதானத்தில் ஒரே பிற்பகலில் அவிழ்ந்ததும் உண்மை.

தோல் என்றதும் நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. 1910-களில் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரத்துக்கு அருகே தொடங்கிய குரோம் லெதர் தொழிற்சாலைதான் குரோம்பேட்டைக்குப் பெயரைத் தந்தது. தோல் பதனிடும் வேலையைச் செய்தவர்களை ஊருக்கு வெளியே வைத்திருந்த சமூகம் இது. அவர்கள் கைபட்ட தோலில் தைத்த பந்தை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் காலால் உதைத்து, தலையால் முட்டி, நெஞ்சில் வாங்கி ஆட வேண்டும் என்பது அந்த நாளில் சாதாரண விஷயம் இல்லை. கல்லூரிக் கால்பந்தின் கதையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

கல்கத்தாவில் மாணவர்களின் கால்பந்து இன்னும் முன்பே தொடங்கிவிட்டது. 1877-ல் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன், மைதானத்தில் வெள்ளைக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்த பந்து தன் பக்கம் உருண்டு வந்தபோது உதைத்துத் திருப்பி அனுப்பியதாகவும், அந்த ஆசை அடங்காமல் ஹேர் பள்ளி நண்பர்களோடு காசு சேர்த்துப் பந்து வாங்கியதாகவும் சொல்வார்கள். கடையில் கிடைத்தது ரக்பி பந்து. நீள்வட்டப் பந்தை வைத்துக்கொண்டு தடுமாறிய பையன்களைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த பிரசிடென்சி கல்லூரியின் பேராசிரியர் ஸ்டாக், கால்பந்து ஆடச் சொல்லிக் கொடுத்தாராம். மோகன் பகானிலும் ஒரு பேராசிரியரின் கை இருக்கிறது. 1889 ஆகஸ்ட் 15-ல் தொடங்கிய கிளப்பின் பெயர் முதலில் மோகன் பகான் ஸ்போர்ட்டிங் கிளப். முதல் ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கிய பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ரோ, நீங்கள் வேட்டையாடுவதும் இல்லை, மீன் பிடிப்பதும் இல்லை, பிறகு எதற்கு இந்தப் பெயர் என்று கேட்டார். அன்றிலிருந்து அது அத்லெட்டிக் கிளப் ஆனது.

மெட்ராசுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அபிலாஷ் படித்த அதே கல்லூரியின் பழைய மாணவர்களில் உலகப் புகழ்பெற்றவர் விவேகானந்தர். 1897 பிப்ரவரியில் அமெரிக்காவிலிருந்து திரும்பி, கடற்கரையில் ஐஸ் ஹவுஸில் தங்கியிருந்த நாட்களில் இந்த ஊர் இளைஞர்களுக்கு அவர் ஆற்றிய உரைகளில் ஒன்றில்தான் அந்தப் புகழ்பெற்ற பேச்சு வருகிறது: முதலில் உடம்பில் பலம் வரட்டும், கீதையைப் படிப்பதைவிடக் கால்பந்து உங்களைச் சொர்க்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகும் என்ற பொருளில் அவர் பேசினார். கல்கத்தா மைதானங்களைப் பற்றிச் சொன்னதாகப் பலர் நினைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சொற்களை முதலில் கேட்டவர்கள் மெட்ராஸ் மாணவர்கள்.

ஆக, பாதிரியார் ஒரு கணக்கோடு பந்தைக் கொடுத்தார். துறவி வேறொரு கணக்கோடு அதே பந்தை எடுக்கச் சொன்னார். நடுவில் நின்றது கல்லூரிப் பையன்.

1911-க்கு வருவோம். 1905-ல் கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்திருந்தார். சுதேசி இயக்கம், அந்நியத் துணி எரிப்பு, ரகசியச் சங்கங்கள், வழக்குகள் என்று ஆறு வருடம் வெந்துகொண்டிருந்தது மாகாணம். தெற்கும் அமைதியாக இல்லை. ஷீல்டு ஃபைனலுக்குச் சரியாக ஆறு வாரம் முன்பு, ஜூன் 17 அன்று, மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டு வாஞ்சிநாதன் தன்னையும் சுட்டுக்கொண்டார். அந்தக் கோடையின் காற்று அப்படி இருந்தது.

மோகன் பகான் ஒன்றும் திடீரென முளைத்த அணி இல்லை. 1905-ல் கிளாட்ஸ்டன் கோப்பை ஃபைனலில், அந்த வருட ஷீல்டை வென்றிருந்த டல்ஹௌசி அணியை 6-1 என்று வாரியிருந்தது. 1906, 1907, 1908 என்று மூன்று வருடம் தொடர்ந்து டிரேட்ஸ் கோப்பையை எடுத்திருந்தது. ஆனால் ஷீல்டு வேறு ரகம். அங்கே ராணுவ அணிகள் வரும். நல்ல உணவும் தினசரிக் கவாத்தும் பூட்ஸும் உள்ள அணிகள். ஜூலை மாதக் கல்கத்தாவில் மழை பெய்தால் மைதானம் சேறாகிவிடும். பூட்ஸ் கடித்து நிற்கும், வெறுங்கால் வழுக்கும். காய்ந்த தரையில் வெறுங்காலுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பந்து விரலோடு ஒட்டிக்கொண்டு வரும், சட்டென்று திரும்பலாம், சின்னச் சின்ன பாஸாகக் கொடுத்து வாங்கலாம். ஆகவே அந்த அணிக்கு ஒவ்வொரு ஆட்டமும் பாதி எதிரணியோடு, பாதி வானத்தோடு.

செயின்ட் சேவியர்ஸுக்குப் பிறகு கல்கத்தா ரேஞ்சர்ஸ், 2-1. கால் இறுதியில் ரைஃபிள் பிரிகேட், 1-0. செமி ஃபைனலில் மிடில்செக்ஸ் ரெஜிமென்ட்டோடு 1-1 என்று இழுபறி. மறு ஆட்டத்தில் 3-0. இந்தக் கட்டத்தில்தான் ஊர் விழித்துக்கொண்டது. இடதுபுறம் இரண்டு அண்ணன் தம்பிகள் ஆடினார்கள். ஓரத்தில் கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி, உள்ளே பிஜய்தாஸ் பாதுரி. ஷிப்தாஸின் டிரிப்ளிங்கைப் பிடிக்க முடியாமல் ராணுவ ஃபுல் பேக்குகள் திணறினார்கள். சகோதரர்கள் இருவரும் ஒரே சாயல் என்பதால், ஆட்டத்தின் நடுவே இடம் மாறிக்கொண்டு எதிரணியைக் குழப்பினார்கள் என்றும் சொல்வதுண்டு. வலப்புறம் கானு ராய், ஹாபுல் சர்க்கார். நடுவில் மாணவர் அபிலாஷ், நல்ல உயரமும் கட்டுமஸ்தான உடம்பும் கொண்டவர். பின்னால் மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா. காவலுக்கு பூதி சுகுல், சுதீர் சாட்டர்ஜி. கோலில் ஹீராலால் முகர்ஜி. அலுவலகம் போகிறவர், வகுப்புக்குப் போகிறவர், வகுப்பு எடுக்கிறவர் என்று கலந்த அணி. ஒருவருக்கும் இது தொழில் இல்லை.

ஃபைனலில் எதிரணி ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட். ஸ்பெஷல் ரயில் விட்டார்கள், கூடுதல் ஸ்டீமர் விட்டார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜனம் வந்து இறங்கியது. அறுபதாயிரம் பேர் என்றும் எண்பதாயிரம் பேர் என்றும் அன்றைய கணக்குகள் வேறுபடுகின்றன. கல்கத்தா ஃபுட்பால் கிளப்பின் மைதானத்தில் அத்தனை பேருக்கு இடம் ஏது? மரத்தில் ஏறினார்கள், பெட்டிகளை அடுக்கி மேலே நின்றார்கள். எதுவும் தெரியாத தூரத்தில் நின்றவர்களுக்காகப் பட்டம் பறக்கவிட ஏற்பாடு நடந்தது. கோல் விழும்போதெல்லாம் ஸ்கோரை எழுதிய பட்டம் மேலே ஏறும். வானத்தைப் பார்த்தே பெரும் கூட்டம் ஆட்டத்தைத் தொடர்ந்தது.

இடைவேளை வரை கோல் இல்லை. இரண்டாம் பாதியில் ஒரு ஃப்ரீ கிக். ஜாக்சன் அடித்த பந்து உள்ளே போனது. ஈஸ்ட் யார்க்‌ஷயருக்கு முதல் கோல். ஆட்டம் முடியும் நேரம் நெருங்க நெருங்க மோகன் பகான் திரும்பத் திரும்ப இடது ஓரமாகவே ஏறியது. ஷிப்தாஸ் தனியாக வெட்டிக்கொண்டு போய்ச் சமன் செய்தார். இன்னும் சில நிமிடங்களே பாக்கி. மறுபடியும் ஷிப்தாஸ், மறுபடியும் இடது ஓரம். இந்த முறை தானே அடிக்காமல் நடுவே தள்ளினார். அபிலாஷ் கோஷ் உள்ளே அடித்தார். 2-1.

அன்று இரவு வடக்குக் கல்கத்தாவில் நடந்த ஊர்வலத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் கலந்து நடந்தார்கள். ராய்ட்டர் செய்தி லண்டன்வரை போனது. ஒரு கதை மட்டும் காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. மைதானத்திலிருந்து வெளியே வந்த வீரர்களிடம் ஒரு பெரியவர் கோட்டையின் மேல் பறந்த யூனியன் ஜாக்கைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். மறுபடி நாங்கள் ஷீல்டு ஜெயிக்கும் வருடம் என்று வீரர்களில் ஒருவர் சொன்னாராம். மோகன் பகான் மறுபடியும் ஷீல்டை வென்றது 1947-ல். உண்மையில் அப்படி ஓர் உரையாடல் நடந்ததோ இல்லையோ, அதை நம்பி வாழ்ந்த தலைமுறைகள் உண்டு. அதே 1911 டிசம்பரில் டெல்லி தர்பாரில் வங்கப் பிரிவினை ரத்தாயிற்று, தலைநகரமும் கல்கத்தாவை விட்டுப் போயிற்று. ஃபுட்பால் அதைச் சாதித்தது என்று சொல்வது மிகை. ஆனால் உடம்பு பூஞ்சை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்த ஒரு மாலை என்னவாக இருந்திருக்கும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

அதே வருடம், உலகத்தின் இன்னொரு மூலையில், வேறொரு ஃபுட்பால்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தின் கார்லைல் என்ற ஊரில், பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் 1879-ல் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி ஒரு பள்ளியைத் தொடங்கினார். செவ்விந்தியர்கள் என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த அந்த மண்ணின் பூர்வகுடிகளின் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து ஆயிரம் மைல் தாண்டிக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழியைத் தடைசெய்து, பெயரை மாற்றி வெள்ளையராக்குவதுதான் அதன் நோக்கம். அவர்களுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்று மனிதனைக் காப்பாற்றுவது என்று பிராட் அதை வெளிப்படையாகவே சொன்னார். ஏறத்தாழ இருநூறு பிள்ளைகள் ஊர் திரும்பவே இல்லை. அவர்களின் கல்லறைகள் அங்கேயே இருந்தன. சமீப வருடங்களில்தான் சில குடும்பங்கள் அந்த எலும்புகளைத் தங்கள் மண்ணுக்கு எடுத்துப் போய்க்கொண்டிருக்கின்றன.

அந்தப் பள்ளியின் மாணவர்களும் ஃபுட்பால் கேட்டார்கள். கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, மோதி, விழுந்து ஆடும் அமெரிக்க ஃபுட்பால். ஒரு மாணவனுக்குக் கால் முறிந்ததும் வெளியாட்டம் வேண்டாம் என்று பிராட் நிறுத்திவிட்டார். மாணவர்கள் திரண்டு வந்து வாதாடினார்கள். இரண்டு நிபந்தனையோடு இறங்கி வந்தார். யார் அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது, சில வருடங்களுக்குள் நாட்டின் பெரிய அணிகளை ஜெயித்துக் காட்ட வேண்டும்.

ஜெயித்துக் காட்டினார்கள். ஊரில் பெரிய மைதானமும் கேலரியும் இல்லாததால் கார்லைல் அணி ஏறக்குறைய எல்லா ஆட்டத்தையும் வெளியூரில்தான் ஆடியது. ரயிலில் ஏறி, ஊர் ஊராகப் போய், டிக்கெட் வசூலைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. எதிரணிகளைவிட எடை குறைந்த பையன்கள். ஆகவே வேகம், வித்தை, சூட்சுமம். 1903-ல் ஹார்வர்டோடு ஆடியபோது பந்தை ஒரு வீரரின் ஜெர்ஸிக்குள் முதுகுப்பக்கம் செருகி ஒளித்துவைத்து, எதிரணி தேடிக்கொண்டிருக்கும்போதே ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தார்கள். அந்த ஆட்டத்தில் ஒரே புள்ளியில் தோற்றார்கள்.

1911 அவர்களின் உச்சம். பயிற்சியாளர் பாப் வார்னர். அணியில் சாக் அண்டு ஃபாக்ஸ் இனத்தைச் சேர்ந்த ஜிம் தோர்ப். பன்னிரண்டு ஆட்டத்தில் பதினொன்று வெற்றி. ஒரே தோல்வி சிராக்யூஸிடம், அதுவும் ஒரே புள்ளியில். நவம்பர் 11, இதுவும் ஒரு சனிக்கிழமை, ஹார்வர்டு. தோர்ப்பின் காலில் காயக் கட்டு. அந்தக் காலாலேயே நான்கு ஃபீல்டு கோல் உதைத்தார். கார்லைல் 18, ஹார்வர்டு 15. அடுத்த வருடம் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெக்கத்லான் இரண்டிலும் தங்கம். அதே 1912 நவம்பரில் ராணுவக் கல்லூரியான வெஸ்ட் பாயின்ட் அணியை அவர்கள் மைதானத்திலேயே 27-6 என்று கார்லைல் வென்றபோது, எதிரணியில் தோர்ப்பை மடக்கப் பார்த்துத் தோற்ற கேடட் ஒருவரின் பெயர் ஐசன்ஹோவர். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி.

கதை அங்கே முடிந்திருந்தால் இனிமையாக இருந்திருக்கும். இரண்டு கோடைக் காலங்களில் சில்லறைக் காசுக்கு பேஸ்பால் ஆடியதைக் காரணம் காட்டி, 1913-ல் தோர்ப்பின் பதக்கங்களைப் பறித்தார்கள். அவர் மறைந்து முப்பது வருடம் கழித்துத்தான் குடும்பத்திடம் பதக்கம் வந்தது. அவர் மட்டுமே முதலிடம் என்று ஒலிம்பிக் கமிட்டி அறிவித்தது 2022 ஜூலையில். 1914-ல் அமெரிக்க காங்கிரஸ் கார்லைல் பள்ளியை விசாரித்தபோது, ஃபுட்பால் வசூல் எங்கே போனது என்ற கேள்வியும் எழுந்தது. 1918-ல் பள்ளியையே மூடிவிட்டார்கள். அந்த வெற்றிகள் அப்பள்ளி செய்ததற்குப் பரிகாரம் ஆகாது. பையன்கள் ஜெயித்தது பள்ளியால் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. பள்ளியையும் மீறி ஜெயித்தார்கள்.

கல்கத்தாவையும் கார்லைலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், பந்தைக் கொடுத்தவர்கள் எதிர்பார்க்காத ஒன்றை அதை வாங்கிக்கொண்டவர்கள் செய்துகாட்டினார்கள் என்பது தெரிகிறது. அடக்கம் கற்கட்டும் என்று கொடுத்தார்கள். அவர்கள் தலை நிமிர்வதற்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டவை மூன்றே. ஆட ஒரு தரை, தொடர்ந்து ஆட ஒரு பருவம், தங்களைவிடப் பலமான எதிரணி.

மெட்ராஸில் இந்த மூன்றும் கூடிவரத் தாமதமாயிற்று. இங்கே கல்லூரி மாணவனின் பெரிய ஆட்டம் கிரிக்கெட். 1888-ல் புச்சி பாபு நாயுடு தொடங்கிய மெட்ராஸ் யுனைடெட் கிளப்பும், பொங்கலை ஒட்டி ஐரோப்பியர்களோடு நடந்த பிரசிடென்சி மேட்ச்சும் அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டன. ஃபுட்பால், ரயில்வேத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வாழ்ந்த வடசென்னையில் வேர் பிடித்தது. வியாசர்பாடியில் இன்றும் அந்த வேர் உயிரோடு இருக்கிறது.

இங்கே கல்லூரி விளையாட்டை ஒரு படிப்பாக ஆக்கியவர் ஓர் அமெரிக்கர். ஹாரி குரோ பக் 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு அது சைதாப்பேட்டைக்கு, இன்றைய நந்தனம் வளாகத்துக்கு வந்தது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணியோடு போனவரும் அவர்தான். தென்னிந்தியா முழுக்க, டிரில் மாஸ்டர் இருந்த இடத்தில் பி.டி. மாஸ்டரை உட்கார வைத்தது அந்தக் கல்லூரி. கையில் விசிலும் நோட்டும் வைத்துக்கொண்டு, யாருக்கு வலது கால், யாருக்கு இடது கால் என்று தெரிந்துவைத்திருந்த மனிதர்கள் அங்கிருந்து வந்தார்கள். நம் ஊரில் எந்தப் பழைய ஆட்டக்காரரிடம் பேசினாலும் இரண்டாவது வாக்கியத்தில் ஒரு பி.டி. சார் வந்துவிடுவார்.

தரை? அதற்காகத்தான் கிறிஸ்டியன் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு வெளியே வந்தது என்றுகூடச் சொல்லலாம். மாணவர்கள் தங்கிப் படிக்க, விளையாட, ஆசிரியர்களோடு ஒரே வளாகத்தில் வாழ இடம் தேடி, தாம்பரத்தில் சேலையூர்க் காட்டில் முந்நூற்று அறுபது ஏக்கருக்கு மேல் வாங்கினார்கள். 1931-லேயே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்துவிட்டிருந்தது. 1937 ஜனவரியில் புதிய வளாகம் திறந்தது. வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் மரம் நட்டு நட்டு அந்த முள்காட்டைச் சோலையாக்கினார். சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், ஹீபர் ஹால் என்று விடுதிகள் பிரிந்து நின்று ஒன்றோடொன்று மோதும் ஆட்டங்களுக்கு அந்தக் கல்லூரியில் இருக்கும் மவுசு, படித்தவர்களைக் கேட்டால் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்த்த காலம் உண்டு என்று சேலையூர்ப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இப்போது கல்லூரிகளுக்குக் குறைவில்லை. வேளச்சேரியிலிருந்து பள்ளிக்கரணை, ஜல்லடியன்பேட்டை, மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் போவதற்குள் பொறியியல், கலை அறிவியல், பல் மருத்துவம் என்று எத்தனையோ வளைவுகள். காலையில் கல்லூரிப் பேருந்துகள் மட்டும் அந்தச் சாலையை அடைத்துக்கொள்கின்றன. தரைதான் இல்லை. இருந்த பொட்டல்களில் வீட்டுமனைகள் ஏறிவிட்டன. ஏரிக்கரைகள் சுருங்கிவிட்டன. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியை நகரம் தின்றுவிட்டது, குப்பையும் கொட்டியது. மிச்சத்தை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த மிச்சத்தைத் தொடக் கூடாது. அது தண்ணீருக்கும் பறவைக்கும் உரிய இடம். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்கள் யாரும் அங்கே மைதானம் கேட்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வருவது, சதுப்பில்லாத மேட்டு நிலத்திலும் ஒரு ஃபுட்பால் கிரவுண்டுக்கு இடம் விடாமல் நாம் கட்டிக்கொண்டே போனதில்தான்.

ஆகவே பையன்கள் டர்ஃபுக்குப் போகிறார்கள். வலை கட்டிய செயற்கைப் புல்லில், விளக்கு வெளிச்சத்தில், பக்கத்துக்கு ஐந்து பேர், மணிக்கணக்கில் வாடகை. ஆடி முடித்ததும் வாசலில் உட்கார்ந்து ஆளுக்கு எவ்வளவு என்று ஜிபேயில் பிரித்துக்கொள்கிறார்கள். முதுகில் மெஸ்ஸியும் எம்பாப்பேயும் இருக்கிறார்கள். பள்ளிக்கரணையில் ஒரு டர்ஃப் வாசலில் ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டிருந்த பொறியியல் மாணவரிடம், உங்கள் காலேஜ் டீம் இந்த வருஷம் எப்படி என்று கேட்டேன். "ஜோனல்ல ஃபர்ஸ்ட் மேட்ச்லயே போய்ட்டோம்ணா. அதுக்கு முன்னாடி ஃபுல் கிரவுண்டுல பதினொரு பேரா ஒரு தடவதான் ஆடிப் பாத்தோம்" என்றார். வருத்தப்பட்டுக்கூடச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர், "அன்னிக்கு லீவு குடுத்ததே பெருசு" என்றார்.

ஐந்து பேர் ஆட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கால் பழகும், கண் பழகும். ஆனால் இடது ஓரத்தில் அறுபது கஜம் பந்தை எடுத்துக்கொண்டு ஏறுவது அங்கே கிடையாது. மூச்சு வாங்க வாங்கக் கடைசி ஐந்து நிமிடத்தில் ஆட்டத்தைத் திருப்புவது பழகாது. நாக்-அவுட்டில் முதல் சுற்றிலேயே தோற்றுப் போகும் அணிக்குத் தன் தவறைத் திருத்திக்கொள்ள இரண்டாவது ஆட்டம் இல்லை. நன்றாக ஆடும் முதலாண்டு மாணவர், படிப்பு முடிப்பதற்குள் கல்லூரிக்காக நான்கு ஆட்டம்தான் ஆடியிருப்பார். மாணவிகள் அணிகளுக்கு அதுவும் இல்லை. எத்தனையோ கல்லூரிகளில் பெண்களுக்கு ஃபுட்பால் அணியே கிடையாது. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது மதுரை சேது எஃப்.சி. என்பதை அந்தக் கல்லூரி நிர்வாகங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

இதற்கு வழி கண்ணுக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. இந்தத் தெற்குப் புறநகரில் முழு அளவு மைதானம் வைத்திருக்கும் கல்வி நிறுவனங்கள் சில உண்டு. மாலை நாலு மணிக்கு மேல் வாரத்தில் இரண்டு நாள் அவை பக்கத்துக் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தால், ஒரு லீக் நடத்திவிடலாம். நாக்-அவுட் வேண்டாம். எட்டு அணி, எல்லோரும் எல்லோரோடும் ஒரு முறை, ஆளுக்கு ஏழு ஆட்டம். ஜூலை கடைசியில் தொடங்கினால் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் முடித்துவிடலாம். ரெஃப்ரி படிப் பணம், பந்து, தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி. கல்லூரி ஆண்டு விழா மேடை அலங்காரத்துக்கு ஆகும் செலவுகூட இதற்கு ஆகாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தேதி, ஸ்கோர், இரண்டு அணியின் பதினொரு பெயர்கள், கோல் அடித்தவர் பெயர் எழுத ஒரு தடித்த நோட்டு. மாணவர்கள் தயார். நான் பேசிப் பார்த்த உடற்கல்வி ஆசிரியர்களும் தயார். முதல்வர்கள் ஒரு மாலை ஒரே மேஜையில் உட்கார்ந்து, முதல் ஆட்டத்தை யார் கிரவுண்டில் வைப்பது என்று முடிவுசெய்தால் போதும்.